கலயத்தில் நின்ற முத்து

கூடலூர்க் கடைவீதியில் சுயம்புலிங்கத்தின் கருப்பட்டி மண்டிக்குப் பின்கட்டில் அந்தக் கம்பெனி இருந்தது. 'இங்கு நோய்க்குறி பார்க்கப்படும்' என்று ஒரு பலகையில் தாரால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மருந்து கிடையாது, வைத்தியம் கிடையாது. பார்ப்பார்கள், சொல்வார்கள், சீட்டுக் கொடுப்பார்கள். கருப்பட்டி வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்து, பார்க்கிறதுக்கு மட்டும் ஒரு கம்பெனியா என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

மேலே பெரியாற்றில் அணை கட்டத் தொடங்கிய மறுவருஷம் அது. குமுளிக் கணவாய் வழியாகக் கூட்டம் கூட்டமாக ஆள் ஏறிப் போனது. இறங்கும்போது பாதிப் பேரை டோலியில் தூக்கி வந்தார்கள். காட்டுக் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும், உதறும், விடும். விட்ட அன்றைக்கு ஆள் நன்றாகத்தான் இருப்பான். அந்த நாளாகப் பார்த்து மேஸ்திரி முன்னால் போய் நின்றுவிடுவான். ஏற்கெனவே காய்ச்சல் குடியிருக்கிற உடம்போடு மேலே போனவன் பத்து நாள் தாங்கவில்லை. சீக்காளிகளை அனுப்பாதே என்று மேலேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஆள் அனுப்புகிற பொன்னுராஜ் மேஸ்திரிக்கு எவன் சீக்காளி, எவன் நல்ல ஆள் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. கம்பெனி பிறந்தது அப்படித்தான்.

சுயம்புலிங்கம் தன் அப்பாவிடம், சிறுநீரில் எண்ணெய் விட்டு நோய் பார்க்கிற நெய்க்குறி படித்தவர். கூட்டாளி மரிய ஜோசப், ராயப்பன்பட்டிக்காரர். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினொரு வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரசராக இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக்குச்சி ஒன்றும், ஸ்பிரிட் விளக்கும், மயில்துத்தம் கரைத்த நீலத்தண்ணீர்ப் புட்டியும் இருந்தன. நீலத்தண்ணீர் சர்க்கரை வியாதிக்கு. அதை அவர் கூடலூரில் திறந்ததே இல்லை. இங்கே யாருக்கு அது வரப்போகிறது, அது பெரிய மனுஷர் வியாதி என்று அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்துவிட்டார்.

வேலை விடியலில் நடக்கும். மேலே போக வருகிறவன் எழுந்ததும் போகிற முதல் நீரைப் புதுக் கலயத்தில் பிடித்து வரவேண்டும். கலயத்தின் வயிற்றில் கரியால் அவன் பேர். அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, வெயில் படுகிற இடத்தில் ஆடாமல் வைத்து, சுயம்புலிங்கம் ஒரு புல் நுனியால் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவார். எண்ணெய் பாம்பாக நீளும், மோதிரமாக வளையும், சல்லடைக் கண்ணாக உடையும். அசையாமல் முத்தாக நின்றால், அவர் அப்பா கணக்கில் நல்ல உடம்பு. அதற்குப் பிறகு ஜோசப் அந்த ஆளைப் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே அமுக்கி காய்ச்சலில் வீங்குகிற மண்ணீரல் கட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பார், கண்ணாடிக்குச்சியை நாக்குக்கு அடியில் வைப்பார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் சீட்டு.

கிண்ணம் கழுவுகிற வேலைக்கு மாயக்காளை வைத்தார்கள்.

மாயக்காள் பிறந்தது சுருளிப்பட்டி. அவள் அண்ணன் அம்மாவாசி முதல் கூட்டத்திலேயே மலை ஏறியவன். கணவாய் அடிவாரத்தில் டோலியை இறக்கி வைத்தபோது உயிர் இருந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்தபோது இல்லை. அன்றைக்கே மனசுக்குள் ஒன்று முடிவு செய்துவிட்டாள். என்ன நடந்தாலும் தன் புருஷன் ஒச்சாண்டி அந்தக் கணவாயில் கால் வைக்கக் கூடாது. உழவு வேலை இல்லாத நாளெல்லாம் அவன் மலைப் பேச்சை எடுப்பான். இரண்டு வேளை அரிசிச் சோறு போடுகிறார்கள் என்பான். அவள் எழுந்து போய் அண்ணனின் துண்டை எடுத்துவந்து அவன் முன்னால் போடுவாள். பேச்சு நின்றுவிடும்.

ஒரு வருஷம் கம்பெனி ஒழுங்காக நடந்தது. சீட்டோடு போனவர்களில் அதிகம் பேர் திரும்பி வந்தார்கள். சிரித்தவர்கள் சிரிப்பை விட்டார்கள். சின்னமனூர்ப் பக்கமிருந்துகூட வியாதிக்காரரை வண்டியில் கொண்டுவந்து, என்னவென்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

கண்ணாடிக்குச்சி உடைந்தது இரண்டாம் வருஷம். ஒருத்தன் அதை மருந்துக்குச்சி என்று நினைத்துக் கடித்துவிட்டான். மதுரையிலிருந்து வரவழைத்த புதுக்குச்சி வண்டியிலேயே நொறுங்கி வந்து சேர்ந்தது. அந்த வருஷம் ஆளும் பெருகியது. ஒவ்வொருவனையும் படுக்கவைத்து அமுக்கிப் பார்க்க மத்தியானம் ஆகிவிட, வெயிலுக்கு முன்னால் வண்டி கிளம்பவேண்டும் என்று மேஸ்திரி குதித்தார். கலயம் பார்க்கிறீர்களே, அது போதாதா என்றார். ஜோசப் போதாது என்றார். தன் அப்பா நீரைத் தவிர எதையும் பார்த்ததில்லை, ஒரு தரம்கூடத் தவறியதில்லை என்றார் சுயம்புலிங்கம். ஜோசப் இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சீட்டில் கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்தார். அதிலிருந்து கலயம் மட்டும்தான்.

கலயத்தோடு ஆளே வரவேண்டியதில்லை. வீட்டுப் பெண்கள் முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வரிசையில்தான் ஒருநாள் வியாகுலமேரி வந்தாள். ராயப்பன்பட்டி மிக்கேலின் பெண்டாட்டி. மிக்கேல் கலயத்தில் எண்ணெய் சல்லடையாக உடைந்துவிட்டது. சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான்கு பிள்ளைகள், கையில் கைப்பிடி நிலம் இல்லை. அவள் வீட்டுக்குப் போகாமல், மாயக்காள் கிண்ணம் கழுவுகிற கிணற்றடிக்கு வந்து நின்றாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு நீரு ஆகாதுன்னுட்டாக. நாளைக்கு வேற ஆளு நல்ல நீரா இருந்தா, இந்தக் கலயத்துல கொஞ்சம் பிடிச்சுத் தாங்கக்கா."

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்டி, உப்பு புளி போயி இதையும் இரவல் கேக்க வந்துட்டியா?"

வியாகுலமேரி சிரிக்கவில்லை. பிள்ளைகள் கீரைத் தண்டைத் தின்று வயிற்றால் போவதைச் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் அழவில்லை. மாயக்காள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து, ஒருநாள் விடியலில் ஒச்சாண்டியை எழுப்பி ஒரு கலயத்தைக் கையில் கொடுத்தாள். மிக்கேல் பேர் எழுதிய கலயத்தில் எண்ணெய் முத்தாக நின்றது. சுயம்புலிங்கம், பார்த்தாயா, ஒரு வாரத்தில் தேறிவிட்டான் என்று ஜோசப்பிடம் காட்டினார்.

மிக்கேல் போனான். கிறிஸ்துமஸுக்கு உயிரோடு இறங்கியும் வந்தான், தோளில் அரிசி மூட்டையோடு. அந்த மூட்டையை ஊர் பார்த்தது. அதற்குப் பிறகு கிணற்றடிக்கு வருகிறவர்களை மாயக்காளால் திருப்பி அனுப்ப முடியவில்லை. ஒரு கலயத்துக்கு ஒரு படி கம்பு என்று அவர்களே கொண்டுவந்தார்கள். முதலில் வேண்டாம் என்றாள். பிறகு குதிருக்குள் கை விட்டுப் பார்த்தபோது கம்பு முழங்கை வரைக்கும் நின்றது. குதிர் நிறைந்திருந்தால் ஒச்சாண்டி மலைப் பேச்சை எடுக்கமாட்டான். அவனுக்குப் பதில் யாரோ ஒருத்தன் ஏறுகிறான் என்கிற நினைப்பு ஒரு தரம் வந்தது. கிண்ணத்தைச் சாம்பல் போட்டு அழுத்தித் தேய்த்தாள்.

ஒச்சாண்டிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "எங்கப்பன் எனக்கு நிலம் வைக்கலை, நீச்சு வைக்கலை. இந்தப் பயலுக்கு இது போதும்னு வச்சிட்டுப் போயிருக்கான் பாரு" என்பான். சீட்டு வாங்கிய எவனாவது கடைவீதியில் எதிரே வந்தால், வாடா மகனே என்று கூப்பிட்டுச் சிரிப்பான்.

மூன்றாம் வருஷம் ஒச்சாண்டிக்குத் தாகம் எடுக்கத் தொடங்கியது. செம்பை விட்டுக் குடத்தைச் சாய்த்துக் குடித்தான். இரவில் நாலு தரம் வெளியே எழுந்து போனான். அப்படியும் விடியலில் குறையவில்லை. முன்பெல்லாம் இரண்டு கலயம் நிறைவதே பெரும்பாடு. இப்போது நாலு, ஐந்து என்று நிறைந்தது. மாயக்காள் அதை அம்மன் கொடுத்ததாகத்தான் நினைத்தாள். வந்தவர்களை நாளை வா என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பசியும் அதே மாதிரி. கம்பங்கூழை மூன்று உருண்டை தின்கிறவன் ஏழு தின்றான். தின்னுகிற ஆம்பளைக்குச் சமைக்கிறது ஒரு சந்தோஷம்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள். ஆனால் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. முடிச்சை அவிழ்த்து உள்ளே தள்ளிப் போட்டாள். ஒரு மாதத்தில் இன்னொரு முடிச்சு.

கம்பெனிக் கிணற்றடியில் கிண்ணங்களைக் கவிழ்க்கிற இடத்தில் எறும்பு வந்தது அப்போதுதான். எல்லாக் கிண்ணத்துக்கும் வரவில்லை. அவள் பார்த்தாள், எந்த எந்தக் கலயத்துக்கு என்று. சுயம்புலிங்கத்திடம் சொன்னபோது அவர் மண்டியைக் காட்டினார். இத்தனை மூட்டை கருப்பட்டி அடுக்கியிருக்கிற இடத்தில் எறும்பு வராமல் என்ன செய்யும், கை கழுவாமல் கிண்ணத்தைத் தொடாதே என்றார். அதுவும் நியாயம்தான். மண்டி வைத்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் எறும்பு இல்லாத சுவரே இல்லை. யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஜோசப்பும் அதைத் தாண்டித் தாண்டித்தான் தினமும் போய்வந்தார்.

ஆனால் அவள் வீட்டு வேலியோரத்திலும் எறும்பு வந்தது. ஒச்சாண்டி இரவில் ஒதுங்குகிற கல்லைச் சுற்றிக் கறுப்பாக மொய்த்துக் கிடந்தது. அங்கே கருப்பட்டி ஏது? எப்போதோ ஜோசப் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் ஞாபகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும் பெரிய மனுஷர்களிடம் டாக்டர் துரை முதலில் கேட்பது, எறும்பு வருகிறதா என்றுதானாம். வருகிறது என்றால் முகம் மாறிவிடுமாம்.

கேட்டுவிடலாம். கேட்டால் யாருடைய நீர் என்பார்கள். சொன்னால் மற்றக் கலயங்களும் வெளியே வந்துவிடும். கம்பு நிற்கும். கம்பு நின்றால் ஒச்சாண்டி கணவாய்ப் பக்கம் திரும்புவான். இதை நினைத்து நினைத்து ஒரு மாதம் போனது. அந்த மாதமும் கலயங்கள் நிறைந்தன.

மிக்கேல் செத்த செய்தி வந்தது அந்த மாதம்தான். இரண்டாம் தரம் போயிருந்தான், அதே நீரில். மேலேயே புதைத்துவிட்டார்களாம். எட்டாம் நாள் வியாகுலமேரி கிணற்றடிக்கு வந்தாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று மாயக்காள் எழுந்து நின்றாள். வியாகுலமேரி துவைகல்லில் உட்கார்ந்து கிண்ணங்களைப் பார்த்தாள்.

"உங்க வீட்டு முத்துதான்க்கா அவரைக் கூட்டிட்டுப் போச்சு" என்றாள். பிறகு, "நான்தான கேட்டேன். உங்களை ஒண்ணும் சொல்லலை" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மாயக்காள் ஐந்து கலயத்தோடு ஆறாவதாக ஒன்றைக் கொண்டுபோனாள். அதில் பேர் எழுதவில்லை. ஐந்தையும் வரிசையில் வைத்துவிட்டு, ஆறாவதை நேரே ஜோசப் மேஜையில் வைத்தாள். யாருடையது என்று அவர் கேட்டபோது, புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாதவளாகத் தாலிக்கயிற்றைத் தொட்டுக் காட்டினாள். மலைக்குப் போகப்போகிறானா என்றார். போகவில்லை, உடம்பு இளைக்கிறது, பார்க்கத்தான் என்றாள்.

சுயம்புலிங்கம் எண்ணெய் விட்டார். முத்து. நல்ல உடம்பு, போய்ச் சமை என்றார். அவள் நகரவில்லை. எறும்பு வருது என்று ஜோசப்பைப் பார்த்துச் சொன்னாள். மண்டியில் இல்லை, வீட்டில் என்றாள்.

ஜோசப் முக்காலி போட்டு ஏறி நீலத்தண்ணீர்ப் புட்டியை இறக்கினார். மூடி ஒட்டிப்போயிருந்தது. விளக்கைப் பற்றவைத்து, கண்ணாடிக் குழாயில் நீலத்தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கலயத்து நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். முதலில் பச்சை காட்டியது. பிறகு மஞ்சள். அடுத்த கொதியில் குழாய் முழுக்கச் செங்கல்லைக் கரைத்த நிறம். அவர் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். கை சுட்டிருக்கும்.

அவருக்கு என்ன தோன்றியதோ, வரிசைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். ஒரு கலயத்தின் வாயில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. பேரைப் படித்தார். எடுத்து வந்து கொதிக்கவிட்டார். செங்கல். இன்னொன்று. செங்கல். ஐந்து கலயம், ஐந்து பேர், ஐந்து ஊர். புட்டியில் நீலம் தீர்ந்துவிட்டது. ஜோசப் விளக்கை அணைத்தார்.

"மாயக்கா" என்றார். "இது எல்லாம் ஒரே ஆளு நீரு."

அவள் மறுக்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். மிக்கேலிலிருந்து என்றாள். எத்தனை பேர் என்றார். எண்ணிக்கை தெரியாது, பேர் தெரியும் என்றாள். ஒவ்வொரு பேராகச் சொன்னாள். அவர் சீட்டுப் புத்தகத்தைத் திருப்பி ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். சில பேருக்கு முன்னால், இவன் இறங்கிவிட்டான் என்று முணுமுணுத்தார். பல பேருக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்து மூன்றாவது பேரோடு அவள் நிறுத்தினாள்.

சுயம்புலிங்கம் அவளைத் திட்டவில்லை. எண்ணெய் பொய் சொல்லவில்லையே, கலயத்தில் இருந்த நீருக்கு அது சொன்னது சரிதானே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த நீருக்கும் சரியில்லையே அண்ணாச்சி" என்றார் ஜோசப். "இந்த ஆளு உள்ளுக்குள்ள கரைஞ்சுகிட்டிருக்கான். உங்க எண்ணெய் இவனுக்கும் முத்துத்தான காட்டுச்சு."

சுயம்புலிங்கம் எழுந்து மண்டிக்குப் போய்விட்டார்.

மாயக்காளுக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை. அவள் கேட்கவேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"இதுக்கு என்ன மருந்துங்கய்யா?"

"இல்லை ஆத்தா."

"மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா?"

"எங்கன போனாலும் இல்லை. சோத்தைக் குறைக்கச் சொல்வாக. கூழைக் குறைக்கச் சொல்வாக."

"பசி பசின்னு அழுகுற மனுசரு அவரு."

"தெரியும்" என்றார் ஜோசப். "அந்தப் பசியும் வியாதிதான்."

அன்றைக்கே அவர் பொன்னுராஜ் மேஸ்திரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மறுபடியும் ஆளைப் படுக்கவைத்துத்தான் பார்க்கவேண்டும், இதுவரை கொடுத்த சீட்டு எல்லாம் செல்லாது, மேலே இருக்கிறவர்களை இறக்கிப் பார்க்கவேண்டும் என்றார். மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். மழைக்கு முன்னால் அணையில் கல் ஏறவேண்டும், மேலே தினம் ஆள் கேட்கிறார்கள், இனிமேல் சீட்டே வேண்டாம் என்றார். ஐயா இவ்வளவு நாள் சிரமப்பட்டதற்குச் சந்தோஷம், இனி வருகிறவன் வரட்டும் என்றார்.

கம்பெனி அதோடு முடிந்தது. பலகையைக் கழற்றி மண்டிக்குள் கருப்பட்டி மூட்டைக்கு அடியில் போட்டுக்கொண்டார்கள், தரை ஈரம் ஏறாமல் இருக்க. ஜோசப் காலிப் புட்டியையும் விளக்கையும் ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு ராயப்பன்பட்டிக்கு நடந்தார். கண்ணாடிக் கிண்ணங்களைச் சுயம்புலிங்கம் மாயக்காளையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் எடுக்கவில்லை.

கிணற்றடிக்கு யாரும் வரவில்லை. சீட்டே வேண்டாம் என்கிறபோது முத்து எதற்கு? குதிரில் கம்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கியது, பிறகு விரலுக்கு. ஒச்சாண்டி ஒரே நாளில் இரண்டு நாள் கூழைத் தின்றான். ஜோசப் சொன்னதை அவள் அவனிடம் சொல்லித்தான் இருந்தாள். குறைத்துச் சாப்பிடு என்று ஒரு வாரம் அளந்து வைத்தாள். எட்டாம் நாள் அவன் விதைக்கு வைத்திருந்த மொச்சையைப் பச்சையாக மென்றுகொண்டிருந்ததைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அளக்கவில்லை.

குதிரின் அடிமண் தெரிந்த அன்றைக்கு விடிந்ததும் அவன் வேட்டியை இறுக்கிக் கட்டினான். இறுக்கியும் நிற்கவில்லை, மேலே ஒரு கயிற்றைச் சுற்றினான். அவள் உள்ளே போய் அண்ணன் துண்டை எடுத்துவந்து அவன் முன்னால் போட்டாள். அவன் குனிந்து அதை எடுத்து உதறித் தலையில் கட்டிக்கொண்டான்.

"மச்சான், அங்கன போனா இருக்கிற நாளும் போயிரும்" என்றாள்.

"ரெண்டு வேளை சோறு போடுறாகளாம் மாயி. வயிறு நெறைய ஒருநாள் தின்னுட்டா என்ன?"

"இந்த உடம்போட எப்படி ஏறுவீக?"

"சீட்டு கேக்கமாட்டாகல்ல" என்று சிரித்தான். "கேட்டாலும் என்கிட்ட இல்லாத முத்தா?"

அவள் உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஒரு குடுக்கையில் தண்ணீர் நிரப்பி அவன் தோளில் மாட்டினாள். பிறகு இன்னொரு குடுக்கையும் மாட்டினாள். ஒன்று அவனுக்கு அடிவாரம் வரைக்கும் காணாது. ஊர் எல்லை வரைக்கும் கூடப் போனாள். அதற்கு மேல் வரவேண்டாம் என்றான்.

வண்டிப்பாதை அங்கிருந்து புளியமர வரிசை முடிகிற வளைவு வரைக்கும் நேராகத் தெரியும். மற்ற ஆட்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் கொஞ்ச தூரம் நடந்து, குடுக்கையைத் தூக்கிக் குடித்தான். பாதையை விட்டு ஒதுங்கினான். திரும்பி வந்து நடந்தான். மறுபடி ஒதுங்கினான். முன்னால் போனவர்கள் வளைவைத் தாண்டி மறைந்துவிட்டார்கள். மாயக்காள் அங்கேயே நின்றாள். வளைவு திரும்புவதற்குள் மூன்று தரம் ஒதுங்கினான். மூன்றாவது தரம் அவன் எழுந்து நடக்க நேரமானது. பிறகு அவனும் மறைந்தான்.

அவன் முதல் தரம் ஒதுங்கிய இடம் வரைக்கும் அவள் நடந்துபோய்ப் பார்த்தாள். புழுதி இன்னும் ஈரமாக இருந்தது. எறும்பு வந்துவிட்டிருந்தது.